வசந்தத்தில் எந்த அணைக்குக் கீழே தூண்டில் போடுவது?

ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்க மலையாறுகளில் தூண்டிலோடு இறங்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பழுப்பு வெள்ளம்தான். மேலே பனி உருகுகிறது, கரையின் மண்ணை அரித்துக்கொண்டு ஓடி வருகிறது. அந்தக் கலங்கலில் செயற்கை ஈயை எவ்வளவு நேர்த்தியாக வீசினாலும் ட்ரவுட் மீனின் கண்ணுக்கு அது தெரியாது. ஃப்ளை ஃபிஷிங் பிரியர்கள் அந்த நாட்களில் அணைகளைத் தேடிப் போவது இதனால்தான். நீர்த்தேக்கம் சேற்றைத் தன்னுள் படியவைத்துவிடுகிறது. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால் ஆழமான தேக்கத்தின் அடிநீர் ஆண்டு முழுக்கக் குளிர்ந்தே கிடக்கிறது. அடிமதகு வழியே வரும் அந்த நீர் தெளிவானது, குளிர்ந்தது, அளவிட்டு விடப்படுவது. ட்ரவுட் வாழ இவை போதும்.

ஆனால் அணைக்குக் கீழே இருக்கிற ஆறுகள் எல்லாம் வசந்தத்தில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. எந்த ஆறு பெயர்பெற்றது, எங்கே பெரிய மீன் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டு கிளம்புபவர்கள்தான் அதிகம். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறொன்று: அந்த அணையை யாருக்காகத் திறக்கிறார்கள்? மேட்டூரை ஜூன் 12-இல் எதற்காகத் திறக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அதன்பின் காவிரி எப்படி ஓடும் என்றும் சொல்ல முடிகிறது. மின்சாரத்துக்கா, நகரத்தின் குடிநீருக்கா, பாசனத்துக்கா, வெள்ளத் தடுப்புக்கா, அழிந்துவரும் மீன்களைக் காக்கவா? இந்தப் பதில் தெரிந்தால் ஏப்ரலில் அந்த ஆறு எப்படி இருக்கும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

கணக்கு நமக்குப் பழகியதுதான். நம் நாளிதழ்களில் வருகிற அதே ‘விநாடிக்கு இத்தனை கன அடி’தான் அங்கும் அளவு. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ஆறுகளில் வைத்திருக்கும் அளவுமானிகளின் எண்களைப் பெரும்பாலும் 15 நிமிட இடைவெளியில் இணையத்தில் பார்க்கலாம். வெளியேற்றத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நீர் இருப்பு எத்தனை சதவீதம், மேலே மலையில் பனி எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அணை நிரம்பும் நிலையில் இருந்து மலையிலும் பனி கனத்துக் கிடந்தால், இன்றைய அமைதியான எண் அடுத்த வாரம் இருக்காது. இன்னொன்று: எண் பெரிதா சிறிதா என்பதைவிட, அது இரண்டு மூன்று நாளாக அசையாமல் நிற்கிறதா என்பதே எனக்கு முக்கியம். 3,000 கன அடியில் நிலைத்து நிற்கும் ஆற்றில் மீன் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இரை எடுக்கும். தினமும் 800-க்கும் 3,000-க்கும் இடையே ஏறி இறங்கும் ஆற்றில் மீனும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், நாமும் அலைந்துகொண்டே இருப்போம்.

மின்சாரத்துக்காகத் திறக்கும் அணைக்கு நல்ல உதாரணம் அர்கன்சாவின் ஒயிட் ஆறு. 1951-இல் கட்டி முடித்த புல் ஷோல்ஸ் அணையில் எட்டு மின்னாக்கிகள் இருக்கின்றன. ஒன்று ஓடினால் ஏறத்தாழ 3,000 கன அடி, எட்டும் ஓடினால் ஆறே வேறு. மின்தேவை கூடும் நேரத்தில் ஓட்டுவார்கள், குறைந்ததும் நிறுத்துவார்கள். நிறுத்தியிருக்கும்போது சரளைத் திட்டுகள் வெளியே தெரியும், முழங்கால் நீரில் நடுவாறு வரை நடந்து போகலாம். ஆபத்தே இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. மின்னாக்கி ஓடத் தொடங்குவதை எச்சரிக்கும் சங்கு அணைக்கு அருகில் இருப்பவருக்குத்தான் கேட்கும். காட்டர் போன்ற கீழ்த்துறைகளுக்கு நீர் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும், வரும்போது சத்தமே இருக்காது. ஆற்றில் இறங்கும்போதே நீருக்கு மேல் விரற்கடை அளவு தெரிகிற ஒரு கல்லைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறை தூண்டிலை எடுக்கும்போதும் அதைப் பாருங்கள். கல்லின் தலை நனைந்திருந்தாலோ, கரையோரம் காய்ந்து கிடந்த சருகுகள் மிதந்து வரத் தொடங்கினாலோ, மீன் முள்ளில் இருந்தாலும் சரி, நரம்பை அறுத்துவிட்டுக் கரையேறுங்கள். எந்தக் கரையில் வண்டியை நிறுத்தினீர்களோ அந்தக் கரைக்கே போங்கள்.

ஒயிட் ஆற்றில் வசந்தத்தின் பரிசு கேடிஸ் பூச்சிகள். ஏப்ரலில் அவை திரளாகக் கிளம்பும் நாட்களில் மீன் மேற்பரப்புக்கு வந்து வாய் திறக்கும். அதே பருவத்தில்தான் ஓசார்க் மலைப்பகுதியில் பெருமழையும் பெய்கிறது. கீழே நியூபோர்ட் பக்கத்து விளைநிலங்கள் மூழ்காதபடி அணையை இயக்கும் ராணுவப் பொறியாளர் படை முதலில் நீரைத் தேக்கிவைக்கும், பிறகு வாரக்கணக்கில் திறந்துவிடும். அப்படிப்பட்ட ஆண்டில் இறங்கி நின்று பிடிப்பதை மறந்துவிட்டுப் படகும் உள்ளூர் வழிகாட்டியும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். பெருநீரைக் கண்டு பயணத்தையே கைவிடவும் வேண்டாம். இந்த வட்டாரத்து அணை ஆறுகளில் பெரிய பிரவுன் ட்ரவுட்கள் உண்டு. கிரீர்ஸ் ஃபெர்ரி அணைக்குக் கீழே உள்ள லிட்டில் ரெட் ஆற்றில் 1992 மே மாதம் பிடிபட்ட பிரவுன் ட்ரவுட் 40 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 18 கிலோவுக்கும் மேல். 2009 வரை உலக சாதனை அதுதான்.

குடிநீர் அணைக்குக் கீழே இருப்பது டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளை. நியூயார்க் நகரம் தன் தாகத்துக்காக 1960-களில் கட்டி முடித்தது கேனன்ஸ்வில் அணை. 1954-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, நகரம் நீரை எடுத்துக்கொள்ளும்போது கீழே மான்டேகு என்ற இடத்தில் ஆறு விநாடிக்கு 1,750 கன அடிக்குக் குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் ஆற்றை நடத்துவது இந்த ஆணை. வசந்தத்தில் அணையின் நோக்கம் ஒன்றே: கோடைக்கு முன் நிரம்புவது. நிரம்பிவிட்டால் உபரி நீர் மேலே வழியும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அடிமதகின் நீர் கடுங்குளிர். வழிந்தோடும் நீரோ மேற்பரப்பு நீர், மே மாத வெயிலில் கொஞ்சம் சூடேறியது. அது கலந்தால் ஆற்றின் வெப்பநிலை 10 டிகிரியை நெருங்கும். ஹென்ட்ரிக்சன் என்ற மேஃப்ளைப் பூச்சி கூட்டமாக நீர்விட்டு எழும்புவது ஏறத்தாழ அந்த வெப்பநிலையில்தான்.

ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே நடுப்பகுதி வரை, பிற்பகல் இரண்டு மணி வாக்கில் ஆற்றோரம் உட்கார்ந்து பாருங்கள். சாம்பல் நிற இறக்கைகளை நிமிர்த்திக்கொண்டு ஒன்றிரண்டு பூச்சிகள் நீரோட்டத்தில் மிதந்து வரும், பிறகு பத்து இருபது, பிறகு எண்ண முடியாது. உடனே வீசிவிடாதீர்கள். ஒரே இடத்தில் மூன்று முறை மூக்கு மேலே வரும் மீனைத் தேர்ந்தெடுத்து, அது எந்தத் தாளத்தில் எழுகிறது என்று பார்த்தபின் வீசுங்கள். இங்கே இருப்பவை பெரும்பாலும் ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள். முதல் வீச்சு சரியாக விழுந்தால் விழுந்தது, நரம்பின் நிழல் பட்டால் போய்விடும். நாள் குறிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அணைக்கு அருகில் நீர் மிகக் குளிர் என்பதால் பூச்சி எழுச்சி கீழே முதன்மை டெலவேர் ஆற்றில் தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறி வரும். ஆகவே பருவத் தொடக்கத்தில் ஹான்காக் ஊருக்குக் கீழே போங்கள், பின்னால் வருபவர்கள் மேலே டெபாசிட் பக்கம் போங்கள். மேற்பரப்பில் மீன் எழுவதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை இருப்பவருக்கு வசந்தத்தில் இதற்கு ஈடாக இன்னொரு அணை ஆற்றை நான் சொல்ல மாட்டேன். கனமழை பெய்து கேனன்ஸ்வில் பெருக்கெடுத்து வழிந்தால் மட்டும் நடந்து இறங்க இடமில்லாமல் போகும்.

யூட்டாவின் கிரீன் ஆறு வேறு கதை. ஃப்ளேமிங் கார்ஜ் அணை நீரைத் தேக்கத் தொடங்குமுன், 1962-இல், ட்ரவுட்டுக்கு இடம்கொடுப்பதற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆற்றில் ரோட்டினோன் நஞ்சைக் கலந்து நாட்டு மீன்களைக் கொன்றார்கள். அந்த நாட்டு மீன்களில் எஞ்சியவற்றைக் காக்கவே இன்று அதே அணையைத் திறக்கிறார்கள். ரேஸர்பேக் சக்கர் என்ற மீனின் குஞ்சுகள் கீழ்ப்பகுதியில் தென்பட்டதும், அவை வெள்ளச் சமவெளிக்குள் நுழைந்து வளர வசதியாக, அணையிலிருந்து பெருநீர் விடப்படுகிறது. வழக்கமாக இது மே கடைசியிலோ ஜூனிலோ நடக்கும். சாதாரண நாளில் குறைந்தபட்சம் 800 கன அடி, மின்னிலையம் முழுவீச்சில் ஓடினால் 4,600 அளவில், துணைக் குழாய்களையும் திறந்தால் 8,600 வரை. தூண்டில்காரருக்கு இது இடைஞ்சல்தான். ஆனாலும் அந்த மீன்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது, திறக்கட்டும் என்பதே என் கட்சி.

அந்தப் பெருநீருக்கு முந்தைய ஏப்ரல்தான் கிரீனின் பொற்காலம். அணையிலிருந்து லிட்டில் ஹோல் வரையிலான ஏழு மைலை ‘ஏ’ பிரிவு என்கிறார்கள். கரையோரம் நடைபாதை இருப்பதால் படகில்லாதவரும் தடுமாறாமல் போய்வரலாம். மேகம் மூடிய பிற்பகலில் ப்ளூ-விங்ட் ஆலிவ் என்ற சிறு மேஃப்ளைகள் வரும், வெயில் சுள்ளென்று அடித்தால் குறையும். மூடாக்குள்ள நாளுக்காகக் காத்திருப்பது வீண் போகாது. அடுத்த ‘பி’ பிரிவில் கூட்டம் குறைவு, ஆனால் ரெட் க்ரீக் என்ற ஓடை அதில் கலக்கிறது. மழையோ உருகும் பனியோ வந்தால் அதன் செம்மண் ஆற்றைக் கெடுத்துவிடும். அணை எவ்வளவு தெளிவாக நீர் விட்டாலும், அடுத்த ஓடை கலக்கும் இடம் வரைதான் அந்தத் தெளிவு. இது எல்லா அணை ஆறுகளுக்கும் பொருந்தும். பெருநீர்க் காலத்திலேயே போக நேர்ந்தால் மனம் தளர வேண்டாம். மீன்கள் நடுவாற்றை விட்டுக் கரையோரம் ஒதுங்கும். வேக ஓட்டமும் மெல்லோட்டமும் உரசிக்கொள்ளும் கோட்டில் நிம்ஃப் எனும், நீருக்குள் மூழ்கும் கனமான செயற்கைப் பூச்சியை விடுங்கள். சில ஆண்டுகளில் அப்போது சிக்காடா பூச்சிகளும் கரை மரங்களிலிருந்து விழும், அப்போது பெரிய மீன்களும் மேலே வரும்.

நியூ மெக்சிகோவின் சான் ஹுவான் ஆற்றுக்கு நவஹோ அணையிலிருந்து வருவது ஏறத்தாழ 6 டிகிரி நீர், பருவம் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கீழே ஃபார்மிங்டனைத் தாண்டிய பகுதியில் அரிய மீன்களுக்காக 500 முதல் 1,000 கன அடி ஓடவேண்டும் என்ற கணக்கில் வெளியேற்றத்தைச் சரிசெய்கிறார்கள். மார்ச்சில் பெரும்பாலும் ஆறு அமைதியாக, இறங்கி நிற்க வாகாக இருக்கும். நீர் இருப்பு நன்றாக உள்ள ஆண்டில் வசந்தத்தின் பிற்பகுதியில் 5,000 வரை போகலாம், வறண்ட ஆண்டில் அது நடக்கவே நடக்காது. இங்கே மீனின் அன்றாட உணவு மிட்ஜ் எனும் நுண்பூச்சி. 24-ஆம் எண் முள் அரிசி மணியைவிடச் சிறியது, அதை மெல்லிய நுனி நரம்பில் கட்டக் கண்ணும் பொறுமையும் வேண்டும். தக்கை அசைவதுகூடத் தெரியாமல் மீன் கவ்வித் துப்பிவிடும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: காலால் ஆற்றடியைக் கிளறிப் புழுக்களை மிதக்கவிட்டு மீனை வரவழைப்பது. அது சட்டப்படியும் குற்றம்.

மொன்டானாவின் பிக்ஹார்னில் யெல்லோடெய்ல் அணைக்குக் கீழே ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தவே இன்னொரு சிறிய அணை இருக்கிறது. நாளுக்குள் நீர் அதிகம் ஆடாது, அது பெரிய வசதி. ஆனால் மலைப்பனி கனத்த ஆண்டில் தேக்கத்தில் இடம் உண்டாக்க முன்கூட்டியே திறப்பார்கள். 2011-இல் நடந்ததுபோல் வாரக்கணக்கில் பெருநீர் ஓடலாம். ஏப்ரல் நடுவில் 2,500 அளவில் நின்றால் தயங்காமல் போங்கள். ஆறு க்ரோ பழங்குடியினரின் நிலத்துக்குள் ஓடுகிறது. ஆற்றுப்படுகை மாநிலத்துக்குரியது என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் பொதுமக்களுக்குத் திறந்தது என்றாலும், உயர்நீர்க் கோட்டுக்கு மேலே கரையில் ஏறுவது அத்துமீறல். அணைக்கு அந்த மக்களின் தலைவர் ராபர்ட் யெல்லோடெய்லின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் அந்த அணையை எதிர்த்துப் போராடியவர் என்பதையும் அங்கே போகிறவர் அறிந்திருப்பது நல்லது.

முதல் முறை போகிறவர் என்னைக் கேட்டால் ஏப்ரலில் கிரீன் ஆற்றின் ‘ஏ’ பிரிவு என்பேன். மார்ச்சில்தான் விடுமுறை என்றால் சான் ஹுவான். நீர்மேல் மிதக்கும் உலர் ஈயில் பிடிக்கத் தெரிந்தவர், மே முதல் வாரத்தை ஒதுக்க முடிந்தவர் டெலவேருக்குப் போகட்டும். ஒயிட் ஆறு படகும் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கும் மனமும் உள்ளவருக்கு. எதைத் தேர்ந்தாலும் வாகனத்தில் எட்டும் தூரத்தில் இன்னொரு ஆற்றை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள், முந்தைய இரவு வெளியேற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த ஆறுகளில் பலவற்றில் வசந்தம்தான் ரெயின்போ ட்ரவுட் முட்டையிடும் காலம். ஆழமற்ற இடத்தில், சுற்றிலும் பாசி படிந்த கற்களுக்கு நடுவே, வாலால் அடித்துத் துடைத்ததுபோல் வெளுத்த சரளை வட்டம் தெரிந்தால் அதுதான் முட்டைக் குழி. அதன்மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள். அந்தச் சரளையில் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள்.