முனை கொஞ்சம் இறங்கட்டும்

அமெரிக்காவில் சிறு பட்டறை போட்டு, வேட்டைக்காரர்களுக்குத் தோலுரிக்கும் கத்தி செய்யக் கிளம்பியிருக்கும் தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தில் கத்தி கம்பீரமாக இருக்கிறது. எட்டு அங்குல அலகு, மேல்நோக்கி வளைந்த முனை, முதுகில் ரம்பப் பல். ஆனால் சுட்ட மானைக் கிடத்தி வயிற்றைத் திறக்கப்போகிறவருக்கு அந்த மூன்றுமே தொல்லை.

வயிற்றைத் திறக்கும்போது கூர்ப்பக்கம் மேலே பார்க்கும்படி கத்தியைத் திருப்பிப் பிடிப்பார்கள். முனை தோலுக்கடியில் நுழையும். இரண்டு விரல்கள் குடலை அமுக்கிக்கொண்டே கூடப் போகும். மேல்நோக்கி வளைந்த முனை, திருப்பிப் பிடித்ததும் நேராகக் குடலைத்தான் குத்தும்; முதுகின் ரம்பப் பல்லும் குடல் பக்கமே திரும்பும். குடல் கிழிந்தால் உள்ளே இருப்பது கறியில் பரவும். பிறகு கழுவிப் பயனில்லை.

இதற்குத் தெளிவான விடை தந்தவர் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் பட்டறை வைத்திருந்த பாப் லவ்லெஸ். 1929-இல் பிறந்து 2010-இல் மறைந்தவர். கப்பல் தொழிலாளியாக இருந்த காலத்தில், 1950-களின் தொடக்கத்தில், நியூயார்க் கடையொன்றில் ராண்டல் என்ற பட்டறையின் கத்தி வாங்கப் போனார். மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். பழைய பேக்கர்டு காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தானே ஒன்று செய்துகொண்டார். பின்னாளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘டிராப் பாயின்ட்’ வடிவத்தில் அலகின் முதுகு மெல்லச் சரிந்து முனையைத் தாழ்த்துகிறது. திருப்பிப் பிடித்தால் முனை குடலைவிட்டு விலகித் தோலை ஒட்டியே ஓடும். அலகின் நீளம் பெரும்பாலும் மூன்றரை அங்குலம்தான். உள்ளே கண் எட்டாத இடத்தில் ஆட்காட்டி விரலால் முனையை உணர முடிகிற நீளம் அது.

தோலை உரிப்பது வேறு வேலை. அதைச் செய்வது முனையில்லை, முனைக்குப் பின்னால் இருக்கும் வளைவு. அந்த வளைவு நிறைவாக இருந்தால், தோலை ஒரு கை இழுக்க, மறு கை நீளமாக வீசி வீசி அறுத்துப் போகலாம். காட்டெருமை, எல்க் போன்ற பெரிய உடல்களுக்கு வளைவைக் கூட்டு. வெள்ளைவால் மானுக்கு மிதமாகப் போதும்.

பிடியைக் கொழுப்பும் ரத்தமும் அப்பிய கையை நினைத்து வடிவமை. பளபளப்பான மெருகு வழுக்கும். துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய மைகார்ட்டா ஈரத்திலும் பிடிப்புத் தரும். லவ்லெஸுக்கு அது பிடித்த பொருள். கடமான் கொம்பு அழகுதான், ஆனால் இந்தியா ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால் புழக்கத்தில் இருப்பது பழைய சரக்கு, விலையும் அதிகம். எதைப் போட்டாலும் பிடிக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூட விடாதே. ரத்தம் அங்கே தங்கி அழுகும், துருவும் ஏறும். பிடிக்குள் போகும் வால் பின்னோக்கி மெலியட்டும். கத்தியின் பின்கனம் குறையும்.

எஃகு விஷயத்தில் ஆசையை அடக்கு. லவ்லெஸ் 1970-களில் கத்தி உலகுக்குப் பழக்கிய 154சிஎம், 14 சதவீதக் குரோமியம் கொண்டது. அதைப் பதப்படுத்த ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் துல்லியமாக நிற்கும் மின்உலை வேண்டும். உன்னிடம் இருப்பது எரிவாயு உலை. அதற்கு 1084 எஃகு போதும். கரி சுமார் 0.84 சதவீதம். காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டிச் சற்றே கூடுதலாகக் காய்ச்சி, சூடேற்றிய எண்ணெயில் தோய்த்துவிடு. அரம் கடிக்காமல் வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது. அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். சுமார் 200 டிகிரி செல்சியஸில், இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை பதம் இறக்கு. துருப்பிடிக்கும் எஃகு என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்.

தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் வெட்டுவது, மரக்கட்டையை வெட்டித் துண்டாக்குவது, அலகைத் தொண்ணூறு டிகிரிக்கு வளைப்பது என்று அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கம் வைக்கும் தேர்வு புகழ்பெற்றது. வெப்பப் பதத்தில் கொல்லருக்கு இருக்கும் தேர்ச்சியை அது காட்டும். தோலுரிக்கும் கத்திக்கு அதனினும் எளிய கேள்வி ஒன்று உண்டு: நடுவில் சாணை தேடாமல் ஒரு மானை முழுதாக உரிக்க முடிந்ததா?

வேட்டைக் காலம் தொடங்கியதும் மானை வாங்கி அறுத்துக் கொடுக்கும் இறைச்சிக்கூடம் ஒன்றில் அனுமதி கேட்டு நில். கட்டைவிரல் எங்கே படிகிறது, எந்த இடத்தில் பிடியை மாற்றுகிறார்கள், கையுறை போட்டால் பிடி போதுகிறதா என்று பார்த்து எழுதிக்கொள். அதை வைத்து அட்டையில் மூன்று வடிவம் வெட்டி அனுப்பு. உலை மூட்டுவது அதற்குப் பிறகு.

அன்புடன்,
உன் அண்ணன்