சிறுகோளைப் பின்தொடர எது தோது: பைனாகுலரா, டெலஸ்கோப்பா, கேமராவா?

சிறுகோள் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, “எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் டெலஸ்கோப் வாங்கலாம்?” என்பதுதான். அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுங்கள். வெஸ்டா என்ற சிறுகோளின் குறுக்களவு சுமார் 525 கி.மீ. ஆனாலும் மொட்டைமாடி டெலஸ்கோப் எதில் பார்த்தாலும் அது ஒரு புள்ளி. பக்கத்து நட்சத்திரத்துக்கும் அதற்கும் உருவத்தில் வித்தியாசமே தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது நகர்வு மட்டும்தான்: நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லாத புள்ளி எதுவோ, அதுதான் சிறுகோள். ஆகவே ஒரே பார்வையில் எவ்வளவு வானம் தெரிகிறது, எத்தனை இரவுகள் உங்களால் விடாமல் பார்க்க முடியும், நகர்வதைக் கண்ணால் கண்டால் போதுமா அல்லது பாதையைக் கணக்குப் போட்டே எடுக்க வேண்டுமா என்பவற்றை வைத்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் எந்தச் சிறுகோள் என்று முடிவுசெய்ய வேண்டும். ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் தயங்காமல் வெஸ்டாவைச் சொல்வேன். நல்ல தருணங்களில் அதன் ஒளித்தரம் 5.5-ஐத் தாண்டிப் பிரகாசிக்கும். இந்த அளவில் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். வெறுங்கண்ணுக்கு எல்லை 6 என்று வைத்துக்கொள்ளலாம். சீரிஸ் இதைவிடப் பெரியது, சுமார் 940 கி.மீ. ஆனால் அதன் மேற்பரப்பு இருண்டது, தொலைவும் கூட. அதனால் 7-ஐ ஒட்டியே நின்றுவிடும். பாலஸையும் ஜூனோவையும் கொஞ்சம் பழகிய பிறகு தேடலாம். பூமிக்கு அருகே வந்துபோகும் சிறுகோள்கள் ஒரே இரவில் ஓடுவதால் கவர்ச்சியானவை. ஆனால் பெரும்பாலானவை மிக மங்கல், சிறிய கருவிக்கு எட்டாது.

எப்போது பார்ப்பது? சூரியனுக்கு நேர் எதிரே சிறுகோள் வரும் எதிர்நிலைக் காலத்தில். அப்போது அது சூரியன் மறையும் நேரத்தில் உதித்து நள்ளிரவில் உச்சிக்கு வரும். வெஸ்டாவுக்கு இது சராசரியாகப் பதினாறு, பதினேழு மாதங்களுக்கு ஒருமுறை அமையும். பூமி உள்வட்டத்தில் வேகமாக அதை முந்திச் செல்வதால், அந்தச் சமயத்தில் சிறுகோள் நட்சத்திரங்களுக்கிடையே மேற்கு நோக்கிப் பின்வாங்கும். செவ்வாய்க்கும் சனிக்கும் வக்கிரம் என்று பஞ்சாங்கத்தில் போடுவார்களே, அதேதான். நாளொன்றுக்குக் கால் பாகை, அதாவது நிலாவின் அகலத்தில் பாதி நகரும். வக்கிரம் தொடங்கும் நாட்களிலும் முடியும் நாட்களிலும் அது ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து ஆரம்பித்தவர்கள் ‘ஒன்றும் நகரவில்லையே’ என்று மனம் தளர்ந்துவிடுவார்கள். எதிர்நிலைக்கு இரண்டு வாரம் முன்னால் தொடங்குவது உத்தமம். தமிழ்நாட்டில் எதிர்நிலை ஐப்பசி கார்த்திகையில் வந்தால் மழைமேகத்தோடு போராட வேண்டும். தை முதல் சித்திரை வரை வந்தால் பாக்கியம். ராசி மண்டலம் நமக்குத் தலைக்கு மேலாகவே போவது இன்னொரு பாக்கியம். ஐரோப்பியர்கள் கோடையில் அடிவானப் புகைமூட்டத்துக்குள் துழாவித் தேடுவதை நாம் உச்சிவானத்தில் பார்க்கலாம்.

இப்போது கருவிக்கு வருவோம். 10x50 பைனாகுலர் ஒன்றும், ஒரு நோட்டும், பென்சிலும் இருந்தால் வெஸ்டாவைப் பின்தொடர வேறெதுவும் வேண்டாம். இந்தப் பைனாகுலரில் சுமார் ஆறு பாகை வானம் ஒரே வட்டத்தில் தெரியும். வெஸ்டா மூன்று வாரம் நகர்ந்தாலும் அந்த வட்டத்தை விட்டு வெளியே போகாது. ஸ்டெல்லேரியம் செயலியில் அன்றைய இடத்தைப் பார்த்துக்கொண்டு, அருகிலுள்ள பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து தேடத் தொடங்குங்கள். 2025 மே மாத எதிர்நிலையின்போது வெஸ்டா துலாம் ராசியில், விசாகத்தின் பக்கம் இருந்தது. வட்டத்துக்குள் தெரியும் எல்லாப் புள்ளிகளையும் நோட்டில் குறியுங்கள், பெரியதற்குப் பெரிய புள்ளி, சிறியதற்குச் சிறியது. எது வெஸ்டா என்று செயலி சொன்னாலும் அன்றைக்கு அதற்கு வட்டம் போடாதீர்கள். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தை விரித்துவைத்துப் பாருங்கள். முக்கோணமாக நின்ற மூன்றில் ஒன்று மட்டும் தள்ளிப் போயிருக்கும். செயலி சொல்லித் தெரிந்துகொள்வதற்கும், உங்கள் கையெழுத்தே அதைக் காட்டிக்கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது புரியும். பைனாகுலரை முக்காலியில் பொருத்துங்கள், அல்லது சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் மங்கலான புள்ளிகள் காணாமல் போய்விடும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் இதற்கு ஏற்ற காலம்.

இது பழைய முறை என்று தள்ளிவிட வேண்டாம். 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ‘ஏஷியா’ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். அதனால்தான் அந்தப் பெயர். புகைப்படத்தால் சிறுகோள் கண்டுபிடிக்கும் வழக்கம் 1891-இல் மாக்ஸ் வுல்ஃபோடுதான் வந்தது. அதுவரை எல்லாம் கண்ணும் வரைபடமும்தான். மேலே சொன்ன ஒளித்தர அளவுக்கு இன்றுள்ள கணித வரையறையைத் தந்தவரும் இதே போக்சன்.

டெலஸ்கோப் எப்போது தேவை? சீரிஸ், வெஸ்டாவைத் தாண்டி ஒளித்தரம் 9, 10, 11 என்று இறங்கும்போது. அப்போதும் ஆறு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்பே போதும்; அதே பணத்துக்குக் கிடைக்கும் மெல்லிய கால்களும் பெரிய எண்களும் போட்ட கடைப் பெட்டி டெலஸ்கோப்பைத் தொடாதீர்கள். ஆனால் டெலஸ்கோப்பின் பார்வை வட்டம் ஒரு பாகையைச் சுற்றியே இருக்கும். இரண்டு மூன்று நாளில் சிறுகோள் பக்கத்து வட்டத்துக்குப் போய்விடும். வரைபடம் படிக்கப் பைனாகுலரில் பழகியவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. பழகாதவர்கள் தவறான நட்சத்திரத்தை வாரக்கணக்கில் பின்தொடரக்கூடும்.

கேமரா இருக்கிறவர்கள் பைனாகுலரை வாங்குவதற்கு முன்பே அதை முயலலாம். சாதாரண டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸ், முக்காலி, ஐந்து, ஆறு நொடி எக்ஸ்போஷரில் பத்துப் பதினைந்து படங்கள். அதற்கு மேல் திறந்துவைத்தால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். மறுநாள் எடுத்த படத்தை முந்தைய நாள் படத்தின் மேல் சரியாகப் பொருத்தி, மாற்றி மாற்றித் திரையில் காட்டினால், அசையாத புள்ளிக்கூட்டத்தில் ஒன்று மட்டும் துள்ளும். சீஸ்டார் எஸ்50 மாதிரியான தானியங்கி டெலஸ்கோப்புகள் இன்னும் சுலபம்: ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களிலேயே நகர்வு தெரிந்துவிடும். மேகம் விட்டுவிட்டு வரும் ஊர்க்காரர்களுக்கும், அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். வானம் மட்டும் கொஞ்சம் அந்நியமாகிவிடும்; எங்கே பார்க்கிறோம் என்று தெரியாமலேயே படம் வந்துவிழும்.

சுற்றுப்பாதையைக் கணக்கிட வேண்டும் என்பவர்களுக்குக் கேமரா கட்டாயம். கேமரா இல்லாத காலத்து உதாரணம் ஒன்று: 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் வானியலாளர் பியாஸி சீரிஸைக் கண்டார். பிப்ரவரி 11 வரை தொடர்ந்தார். பிறகு அது சூரிய ஒளிக்குள் மறைந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நாள் அளவீடுகளை வைத்து 24 வயதுக் கணிதவியலாளர் காஸ் பாதையைக் கணக்கிட்டுச் சொன்ன பகுதியில்தான் அதே வருஷக் கடைசியில் சீரிஸ் மீண்டும் அகப்பட்டது. இன்று படத்தை அஸ்ட்ரோமெட்ரி.நெட்டில் ஏற்றினால் நட்சத்திரங்களை அடையாளம் கண்டு புள்ளியின் ஆயங்களைத் தந்துவிடும். மூன்று இரவுகளின் இடங்கள் இருந்தால் ஒரு பாதை கிடைக்கும். ஆனால் அடுத்தடுத்த மூன்று இரவுகள் வேண்டாம், ஒரு மாதத்தில் பரவிய மூன்றை எடுங்கள். பார்த்த காலம் நீள நீளத்தான் பாதை உறுதிப்படும். 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடிக்கப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள், 2032-இல் பூமியில் மோத வாய்ப்பு 3.1 சதவீதம் என்று 2025 பிப்ரவரியில் கணக்கு ஏறியது. மேலும் சில நாள் அளவீடுகள் சேர்ந்ததும் அந்த வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமலே போனது.

கருவியே இல்லாத பள்ளி மாணவர்களுக்கும் வழி உண்டு. சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு பான்-ஸ்டார்ஸ் டெலஸ்கோப் படங்களை மாணவர் குழுக்களுக்குத் தருகிறது. அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் நகரும் புள்ளியைத் தேடி அளந்து அனுப்ப வேண்டும். புதிதாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மாடியில் நிற்பதைவிட இதில்தான் அதிகம். 1988-இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்டு ராமானுஜன் பெயர் பெற்ற சிறுகோளும் இப்படிப் புகைப்படத் தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த உழைப்பில் கிடைத்ததுதான்.

கடைசியாக ஒரு தேதி: 2029 ஏப்ரல் 13. அன்று அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தொலைவில் கடந்துபோகும். மிக அருகே வரும் கணம் நமக்கு 14-ஆம் தேதி அதிகாலை மூன்றேகால் மணி. அப்போது அது அட்லாண்டிக்குக்கு மேலே இருக்கும். அதற்கு முந்தைய மணிநேரங்களில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து மேற்கே ஓடும். அதற்கு டெலஸ்கோப் எடுக்காதீர்கள். இருட்டான இடமும் பைனாகுலரும், முக்காலியில் அகல லென்ஸ் மாட்டிய கேமராவும் போதும். இவ்வளவு அருகில் வரும் பொருள் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வோர் இடத்தில் தெரியும் என்பதால், செயலியில் உங்கள் ஊரைச் சரியாகப் பதிந்துகொள்ளுங்கள். சென்னையில் ஒருவரும் கன்னியாகுமரியில் ஒருவரும் கைபேசிக் கடிகாரத்தைச் சரிபார்த்து ஒரே நொடியில் படமெடுத்தால், அது ஒரு லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும்போது இரண்டு படங்களிலும் அதன் இடம் நிலாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை விலகித் தெரியும். அந்த விலகலை அளந்து தொலைவை நீங்களே கணக்கிடலாம். கூட்டாளியை இப்போதே பிடித்துவைத்து, அதுவரை வெஸ்டாவில் பழகுங்கள்.