நார்மல் ரிப்போர்ட்டும் நிற்காத இரைச்சலும்

அன்புள்ள மருமகளே,

உன் அப்பா போனில் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பொங்கலிலிருந்து இடது காதில் ஓயாமல் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம், பாதி நேரம் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி ஓர் அடைப்பு, சில இரவுகளில் காதுக்கடியில் வலி. இரண்டு ஈ.என்.டி. டாக்டர்களைப் பார்த்தாயாம். செவிப்பறை நன்றாக இருக்கிறது, ஆடியோகிராம் நார்மல், பரீட்சைப் பயத்தில் வருவது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வீட்டிலும் இப்போது அதையே சொல்கிறார்கள். ராத்திரி உட்கார்ந்து அழுகிறாய் என்று அண்ணன் சொன்னபோது எனக்கு மனசு ஆறவில்லை.

ஆடியோகிராம் எடுக்கும் அறையில் வேலை பார்த்தே என் காலம் கழிந்தது. உன்னைப் போல, நார்மல் என்று எழுதிய தாளைக் கையில் வாங்கிக்கொண்டு முகம் வாடித் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ஒரு பரிசோதனை தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காத கேள்வி அப்படியே பாக்கி இருக்கும். இதை நீ பிடித்துக்கொண்டால் பாதிக் கலக்கம் குறையும்.

உனக்கு எடுத்த ஆடியோகிராமையே பார். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும், சத்தமே இல்லாத அறையில், எவ்வளவு மெல்லிய ஒலி உனக்குக் கேட்கிறது என்று அது அளந்தது. உன் வயதுக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. 8,000-க்கு மேலே என்ன நடக்கிறது என்று அந்தத் தாள் சொல்லாது. கேண்டீன் இரைச்சலில் எதிரே இருக்கிற தோழி பேசுவது புரிகிறதா என்றும் சொல்லாது. 2009-இல் பாஸ்டனில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளைக் கொஞ்ச நேரம் பலத்த சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில நாளில் எலிகளின் கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் உட்செவியில் நரம்பு போய்ச் சேரும் இணைப்புகளில் கணிசமான பகுதி அழிந்திருந்தது. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. நேராக ஓடுகிற ஆடியோகிராம் கோட்டுக்குப் பின்னாலும் சேதம் இருக்க முடியும் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

இன்னொன்று சொல்கிறேன். சிலருக்குக் கண்ணை உருட்டினால் அந்த அசைவே காதில் கேட்கும். நடந்தால் குதிகால் தரையில் படுவது தலைக்குள் இடிக்கும். உரத்த சத்தம் கேட்டால் தலை சுற்றும். கண் அசைவது காதில் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் கேட்கிற டாக்டர் என்ன நினைப்பார்? மனநோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் உண்டு. 1998-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லாயிட் மைனரும் அவருடன் இருந்தவர்களும் இதற்குக் காரணத்தைக் கண்டார்கள். உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் மேலே இருக்கும் குழாயை மூடியிருக்க வேண்டிய எலும்பில் ஒரு சிறு திறப்பு. அவ்வளவுதான். சி.டி. ஸ்கேனை நுண்ணிய அடுக்குகளாக எடுத்துப் பார்த்தால் தெரிகிறது. 1998-க்கு முன்னாலும் அந்தத் திறப்பு அவர்கள் தலையில் இருக்கத்தான் செய்தது. தேட வேண்டிய இடம்தான் தெரியவில்லை.

‘கல்லிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனாதன் ஸ்விஃப்டுக்கும் இதே கதிதான். இருபது வயது வாக்கில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தலைசுற்றல், வாந்தி, காது மந்தம், இரைச்சல். ஆப்பிளை அளவுக்கு மீறித் தின்றதால் வந்தது என்று அவரே நம்பினார். 1745-இல் இறந்துபோனார். அந்தக் காலத்தில் மட்டுமல்ல, அதற்கு நூறு வருஷம் கழித்தும் இப்படிப்பட்ட தலைசுற்றலை மூளையில் இரத்தம் தேங்குவதால் வருவது என்றுதான் டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள். 1861-இல் பாரீஸில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்த பிராஸ்பர் மெனியர், இது உட்செவியிலிருந்து வருகிறது என்று எடுத்துச் சொன்னார். ஸ்விஃப்டுக்கு இருந்தது மெனியர் நோய்தான் என்று பின்னால் வந்த மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். மெனியருக்கு இதைக் காட்டிக்கொடுத்தது எந்தக் கருவியும் அல்ல. பெரும்பாலும் நோயாளிகள் சொன்னதைக் கேட்டு, எது எதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்ததுதான்.

அதனால் உன் முதல் வேலை எழுதுவது. ஒரு சின்ன நோட்டு போதும். எந்தக் காது, எப்போது தொடங்கியது, எத்தனை நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், முந்தின நாள் எவ்வளவு தூங்கினாய். இவற்றில் ‘எத்தனை நேரம்’ என்பதற்கு மதிப்பு அதிகம். படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிற சுற்றல், உட்செவியின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையை முறைப்படி திருப்பிப் படுக்கவைத்தே டாக்டர்கள் அதைச் சரிசெய்வார்கள், மாத்திரை தேவையில்லை. இருபது நிமிஷத்திலிருந்து அரை நாள் வரை சுற்றி, கூடவே காது அடைத்து, கேட்பதும் குறைந்து பிறகு திரும்பினால் மெனியர் நோயைச் சந்தேகிப்பார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வருகிற சுற்றல் ஐந்து நிமிஷமும் இருக்கலாம், மூன்று நாளும் இருக்கலாம். வெளிச்சமும் சத்தமும் அப்போது பிடிக்காது. உனக்குச் சுற்றல் இல்லை என்று அண்ணன் சொன்னார். ஆனாலும் ஒரு முறை வந்தால்கூடக் குறித்து வை.

சத்தத்தையும் கவனி. ஒரே சுருதியில் இழுக்கிறதா, நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தும் தும்’ என்று வருகிறதா? மணிக்கட்டில் விரலை வைத்துப் பார். நாடியோடு ஒத்து வந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல், இரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பல்லை இறுகக் கடித்தால், தாடையை முன்னே தள்ளினால், கழுத்தைத் திருப்பினால் சத்தம் மாறுகிறதா என்றும் பார். உன் குரலும் மூச்சும் உனக்கே காதில் எதிரொலித்து, படுத்தவுடன் அது நின்றுவிட்டால், தொண்டையையும் காதையும் இணைக்கிற குழாய் மூடாமல் திறந்தே இருக்கலாம். கொஞ்ச நாளில் உடம்பு மிகவும் இளைத்தவர்களுக்கு இது வரும். நீ சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாய் என்று உன் அம்மா வருத்தப்பட்டது நினைவிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

காதில் வலி இருந்தும் காதுக்குள் ஒன்றும் தெரியவில்லை என்றால் திகைக்காதே. முகம், தாடை, தொண்டை, மேல்கழுத்து ஆகியவற்றுக்குப் போகிற நரம்புகளின் கிளைகள் காதுக்கும் வருகின்றன. எங்கேயோ இருக்கிற கோளாறு காதில் வலிக்கும். உனக்குக் கடைவாயில் ஞானப்பல் முளைக்கும் வயது. படிப்புக் கவலையில் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாயோ என்னவோ, காலையில் எழுந்ததும் தாடை இறுகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல். என்னைக் கேட்டால், அடுத்து நீ ஒரு பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நோட்டில் மருந்துகளையும் எழுது. ஆஸ்பிரின் அளவு மீறினால் இரைச்சல் வரும். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் உட்செவியைக் கெடுக்கக்கூடியவை. ஹெட்போனை மறைக்காமல் எழுது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், அதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்பு.

பாட்டி பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்வார்கள். பாசத்தில் சொல்வது, கோபப்படாதே. ஆனால் ஊற்ற வேண்டாம். பட்ஸும் வேண்டாம், அது குறும்பியை உள்ளே தள்ளி அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதுவதும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது நோட்டை அப்படியே நீட்டாதே. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அதைப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதிக்கொள், உன்னை அதிகம் படுத்துவது எதுவோ அதை மேலே எழுது. இதுவரை எதெது இல்லை என்று உறுதியாகியிருக்கிறது, அடுத்த பரிசோதனை எது, அதன் முடிவால் சிகிச்சை மாறுமா, இப்படியே இருந்தால் எப்போது திரும்பி வர வேண்டும் என்று கேள். இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. இம்பிடன்ஸ் டெஸ்ட் எடுத்தார்களா என்றும் விசாரி. நடுச்செவியின் அழுத்தத்தை ஒரு நிமிஷத்தில் காட்டிவிடும், உன் அடைப்புக்கு அதுதான் முதலில் எடுக்க வேண்டியது. சத்தம் ஒரு காதில் மட்டும் நிற்காமல் இருப்பதால் எம்.ஆர்.ஐ. தேவையா என்பதும் நியாயமான கேள்வி. கேட்கும் நரம்பருகே மெதுவாக வளரும், புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி இல்லை என்று உறுதிசெய்யத்தான் அதை எடுப்பது. இருப்பது அபூர்வம், பயப்படாதே. அடைப்பு அதிகமாக இருக்கும் நாளில் போய் ஆடியோகிராம் எடுக்க முடிந்தால் மிகவும் நல்லது. ஏறி இறங்குகிற நோயை நல்ல நாளில் அளந்தால் ஒன்றும் தெரியாது. பழைய தாள் ஒன்றையும் தூக்கி எறியாதே, பின்னால் ஒப்பிட அதுதான் உதவும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் உண்டு. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்திலும் காது, மூக்கு, தொண்டை டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊர் ஊராகப் புது டாக்டரைத் தேடி அலைய வேண்டாம். போகிற இடத்திலெல்லாம் கதை முதலிலிருந்து தொடங்கும். ஒருவரிடம் தொடர்ந்து போ, தேவைப்பட்டால் எல்லாத் தாளோடும் இன்னொருவரிடம் ஒரு முறை கருத்துக் கேள்.

மனக்கவலை என்று சொன்னதைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் பார்த்து முடிக்கும் முன்னால் அப்படிச் சொல்வது தவறு. அதே சமயம் அது உன்னை அவமதிக்கும் சொல்லும் அல்ல. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நன்றாகக் காது கேட்கிற 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது என்றார்கள். மூளை வழக்கமாக இதை ஒதுக்கிவிடும். ஆபத்து என்று ஒருமுறை நினைத்துவிட்டால் அதையே காவல் காக்கத் தொடங்கும், சத்தம் பெரிதாகும், பயமும் பெரிதாகும். அந்தச் சுழலை உடைக்க முடியும். ராத்திரி நிசப்தத்தில் படுக்காதே, மின்விசிறியோ மெல்லிய மழைச் சத்தமோ ஓடட்டும். பகலில் காதை அடைத்துக்கொண்டு திரியாதே, அப்படிச் செய்தால் சாதாரண ஒலிகூடப் பிறகு உறுத்தும். இரைச்சலை நிறுத்தும் என்று நிரூபணமான மாத்திரை இன்றுவரை ஒன்றும் கிடையாது. வாட்ஸ்அப்பில் வருகிற விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடாதே. இரைச்சல் தருகிற வேதனையைக் குறைப்பதில் நல்ல சான்று உள்ளது மனநல ஆலோசகர்கள் தருகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான். அதற்குப் போனால் நோய் கற்பனை என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை.

கடைசியாகச் சொல்வதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள். ஒரு நாள் காலையில் எழுந்ததும் ஒரு காது சட்டென்று கேட்காமல் போனால், சளி, அழுக்கு, தானாகத் திறந்துகொள்ளும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. அன்றே போ. உட்செவியில் திடீரென்று வருகிற செவிட்டுத்தன்மைக்கு ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பார். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் வெறும் அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்புப் பக்கக் கோளாறாக இருக்கலாம். எப்படிக் கேட்டாலும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. காது வலியோடு முகம் ஒரு பக்கம் கோணினாலோ காதில் கொப்புளம் வந்தாலோ அதே அவசரம்தான். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால் 108-ஐக் கூப்பிடச் சொல்.

எல்லாம் பார்த்த பிறகும் உன் நோய்க்குப் பெயர் கிடைக்காமலே போகலாம். கெட்டது எதுவும் இல்லை என்று உறுதியாகியிருந்தால், அந்த நிலையோடும் படிக்கலாம், பாடலாம், வேலைக்குப் போகலாம். அப்படி வாழ்கிறவர்கள் ஏராளம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டால் போதும்.

வருகிற திங்கட்கிழமை பல் டாக்டரைப் பார், அம்மாவைக் கூட அழைத்துக்கொண்டு போ. இந்தக் கடிதத்தை அப்பாவிடமும் படிக்கக் கொடு, வீட்டில் இனிமேல் யாரும் உன்னிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லக் கூடாது. இன்று ராத்திரியே நோட்டைத் தொடங்கு.

அன்புடன்,
அத்தை