முதலில் கேட்போம், பின்பு சொல்லுவோம்



புதியவர்கள் நடுவில் போய் அமர்ந்ததும், "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? முத்திரை சேர்ப்போர், பூக்கன்று வளர்ப்போர், பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுப்போர் என ஒரே ஈடுபாடுடையோர் கூடும் எந்தக் கழகத்திலும் புதியவரை எதிர்கொள்ளும் முதற் கேள்வி இதுவே. சிலர் பெயரை மட்டும் சொல்லி வாய்மூடிக் கொள்வர். வேறு சிலர் பிறந்த நாள் தொடக்கம் பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு வரை ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். முன்னவரை அறிய வழியில்லை; பின்னவரைக் கேட்கப் பொறுமையில்லை.

தன்னை அறிமுகம் செய்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதை ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருபவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். 'ஹாம்' என்றும் இவர்களை அழைப்பர். இவ்வாரம் இவர்களிடமிருந்து பாடம் கற்போம்.

இவர்கள் யார்?

வருமானம் கருதாது, விருப்பத்தினால் மட்டும் வீட்டில் சிறு வானொலி நிலையம் அமைத்து, உலகின் எப்பகுதியில் உள்ளவரோடும் உரையாடுபவர்கள் இவர்கள். அதற்குப் பரீட்சையில் சித்தியடைந்து அரசின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அதனோடு ஓர் அழைப்புக் குறியும் கிடைக்கும். நம் நாட்டவரின் குறிகள் பெரும்பாலும் 4எஸ்7 எனத் தொடங்கும். வேறு வேறு நாட்டவர் பேசிக்கொள்ளும்போது, பொழுதுபோக்கின் தொழில்நுட்ப விடயங்களையும் தம்மைப் பற்றிய சொந்த விடயங்களையும் மட்டுமே பேசலாம் என்பது சர்வதேச விதி. ஆகவே, வியாபாரம் பேச இடமில்லை. தம் வாழ்க்கையைச் சொல்ல இடமுண்டு.

முதலாம் பாடம்: கேட்டதைச் சொல்லுங்கள்

புதியவர் ஒருவரோடு தொடர்பு கிடைத்ததும் இவர்கள் சொல்லும் முதல் விடயங்களுள் ஒன்று, "உங்கள் குரல் எனக்கு எப்படிக் கேட்கிறது" என்பதாகும். தெளிவுக்கு 1 முதல் 5 வரை, வலுவுக்கு 1 முதல் 9 வரை எண்கள் உண்டு. 'ஐந்து ஒன்பது' என்றால் மிகத் தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது என்று பொருள். மோர்ஸ் ஒலிக்கு மூன்றாவது எண்ணும் சேரும். இம்முறை 1934ஆம் ஆண்டில் உருவானது.

இதிலுள்ள பண்பைக் கவனியுங்கள். நான் யார் என்பதற்கு முன்னரே, நீ பேசியது என்னை வந்தடைந்தது என்று அறிவிக்கிறார்கள். கழகமொன்றில் சேரும் நாமும், "சென்ற கூட்டத்தில் நீங்கள் ஓர்க்கிட் கன்று பற்றிச் சொன்னதைக் கேட்டேன், அதனால்தான் வந்தேன்" என்று தொடங்கினால், கேட்பவர் மனம் அப்பொழுதே திறந்துவிடும்.

இரண்டாம் பாடம்: பெயரும் இடமும்

அடுத்து வருவன பெயரும் இடமும். பட்டமும் பதவியும் அல்ல. ஜோர்தான் நாட்டு மன்னர் ஹூசைன் ஓர் அமெச்சூர் வானொலியாளர். ஜே.வை.1 என்பது அவருடைய குறி. வானலையில் அவர் தம்மை 'ஹூசைன்' என்றே அறிமுகம் செய்து வந்தார். 1999இல் அவர் மறையும் வரை, எத்தனையோ சாதாரண மனிதர்கள் அவரைத் தம்மில் ஒருவராகவே எண்ணிப் பேசினர்.

'இடம்' என்று இவர்கள் குறிப்பிடுவது பிறந்த ஊரையல்ல; இப்பொழுது எங்கிருந்து பேசுகிறோம் என்பதையே. நம்மவருக்கு இது ஆறுதலான செய்தி. "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு, பிறந்த ஊர் ஒன்று, இடம்பெயர்ந்த ஊர் இரண்டு, இருக்கும் ஊர் வேறு என்று பதில் சொல்லத் தடுமாறும் குடும்பங்கள் நம்மிடையே பல. இருக்கும் இடத்தை முதலிற் சொன்னாற் போதும். இழந்த ஊரின் கதையை, கேட்க மனமுள்ள ஒருவர் கிடைக்கும் நாளில் ஆறுதலாகச் சொல்லலாம். அதை மறைக்கவும் வேண்டாம்; முதல் நாளிலேயே கொட்டவும் வேண்டாம்.

மூன்றாம் பாடம்: ஒரே இழை

வாழ்க்கை முழுவதையும் சொல்ல எவராலும் இயலாது. அங்கு கூடியிருப்போரின் ஈடுபாட்டோடு நம் வாழ்வைத் தொடுக்கும் இழை எதுவோ, அதை மட்டும் எடுத்துச் சொல்லுவோம். "தபாற் கந்தோரில் தந்தி அடித்தேன், அந்த ஒலி இன்னும் காதில் நிற்கிறது" என்று ஒரு முதியவர் சொல்வாராயின், அந்த இரண்டு வசனங்களில் அவருடைய தொழிலும், வயதும், ஏக்கமும் வந்துவிடுகின்றன.

சுருங்கிய அறிமுகத்துக்கு மிகப் பெரிய உதாரணம் புனித மாக்சிமிலியான் கொல்பே. இவரும் எஸ்.பி.3ஆர்.என் என்ற குறியுடைய வானொலியாளரே. 1941இல் ஒஸ்விச் வதைமுகாமில், சாவுக்குக் குறிக்கப்பட்ட குடும்பத்தவர் ஒருவருக்குப் பதிலாக இவர் முன்வந்தபோது, "நீ யார்?" என்று கேட்கப்பட்டது. பத்திரிகை நடத்தியதையோ, பெருந் துறவுமடம் நிறுவியதையோ அவர் சொல்லவில்லை. தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்றே சொன்னார். அவ்வேளைக்கு வேண்டியது அதுவே.

நாலாம் பாடம்: நினைவில் வையுங்கள்

பேசி முடிந்ததும் நாள், நேரம், அலைவரிசை, குறி என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். உரையாடியதை உறுதிப்படுத்தும் அட்டையொன்றைத் தபாலில் அனுப்பும் வழக்கமும் உண்டு. மறுமுறை சந்திக்கையில், "மகளின் கலியாணம் நன்றாக நடந்ததா?" என்று கேட்கத் துணைசெய்வது அக்குறிப்பேடே.

இப்படி வளர்ந்த பழக்கம் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. 26.12.2004 அன்று ஆழிப்பேரலை அடித்துத் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தி கொண்டு சேர்த்தவர்களுள் நம் நாட்டு வானொலியாளரும் இருந்தனர். பொழுதுபோக்குக்காக அந்தமானில் நிலையம் அமைத்திருந்த இந்திய வானொலியாளர்கள், விளையாட்டை விட்டு அவசரச் செய்திகளை அனுப்பும் பணியில் இறங்கினர். அமைதியான நாட்களில் பெயர் சொல்லிப் பழகியவர்கள், ஆபத்து நாளில் ஒருவரையொருவர் நம்ப முடிந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல்

அனுமதிப்பத்திரம் உடையவரை அரசு அறியும். மற்றைய கழகங்களில் அத்தகைய காவல் இல்லை. ஆகவே பெயர், ஊர், ஈடுபாடு என்பவற்றோடு நிறுத்திக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வீட்டு விலாசம், பாடசாலை, பணவிவரம், குடும்பப் படங்கள் ஆகியவை முன்பின் அறியாதவருக்கு உரியவை அல்ல.

வீட்டில் செய்து பார்க்க

1. இன்றிரவு சாப்பாட்டின் பின், ஒவ்வொருவரும் ஐந்து வசனங்களில் தம்மை அறிமுகம் செய்யட்டும். முதல் வசனம், தமக்கு முன் பேசியவரிடம் கேட்டறிந்த ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும்.

2. வீட்டிலுள்ள முதியவரிடம், அவர் விரும்பிச் செய்த ஒரு வேலையைப் பற்றிக் கேளுங்கள். இடையில் குறுக்கிடாதீர்கள்.

3. அவர் சொன்னதைக் கொப்பியில் திகதியிட்டு எழுதி வையுங்கள்.

வானொலியாளர் ஒருவர் இறந்தால், அவருடைய மோர்ஸ் கருவி மௌனமாயிற்று என்று ஏனையோர் சொல்வர். நம் வீடுகளிலும் அப்படி ஒரு நாள் வரும். அதற்கு முன்னர் கேட்டு வைப்போம்.