குட்டையோரப் பொன்மலர்

நாம் வாழும் கலிபோர்னியாவுக்கே உரிய காட்டுமலர் 'கான்ட்ரா காஸ்டா கோல்டுபீல்ட்ஸ்'. மஞ்சள் நிறமுடைய இது ஓராண்டுத் தாவரம். குளிர்கால மழைநீர் களிமண் தரையில் இறங்காது சிறு குட்டைகளாகத் தேங்கும். இளவேனிலில் நீர் வற்ற வற்ற, அந்த ஈரமண்ணில் இச்செடி பூத்து, விதை உதிர்த்து மடியும். மறு மழைவரை அவ்விதைகளே அதன் உயிர்.

குட்டைகளை நிரவி வீடுகளும் வேளாண் நிலங்களும் அமைத்தமையால் இம்மலர் அருகிற்று. 1997இல் அமெரிக்க நடுவண் அரசு இதனை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. பிரீமான்ட் நகரிலுள்ள டான் எட்வர்ட்ஸ் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் இம்மலரைக் காணலாம். அங்குக் கண்டு மகிழ்வோம், கொய்யாதிருப்போம். ஓராண்டுச் செடியின் பூவைப் பறித்தல், வரும் ஆண்டின் விதையைப் பறித்தலாகும் அன்றோ!