வீட்டு அடுப்பும் உணவுச் சட்டமும்

சென்ற ஐப்பசித் திங்களில், நெசவாளர் பலர் அங்கத்தினராயுள்ள ஒரு சிக்கன நாணயச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். மழையினால் தெருவில் பாவு நீட்ட இயலாது பல தறிகள் ஓய்ந்திருந்தன. இத்தகைய நாட்களில் அவ்வூர்க் குடும்பங்கள் சில முறுக்கும் தட்டையும் சுட்டு அருகிலுள்ள பண்டகசாலைக்குக் கொடுத்து வருவது வழக்கம். கடன் பேரேட்டைப் புரட்டியபோது, ஒருநாளும் தவணை தவறாத ஓர் அம்மையாரின் கணக்கில் பாக்கி நிற்கக் கண்டோம். காரணம் வினவினோம்.

தீபாவளிக்கென்று சங்கக் கடனைக் கொண்டு அவர் பலகாரம் செய்து, 60 பொட்டலங்களை அனுப்பியிருக்கிறார். அவற்றுள் 12 பொட்டலங்கள் முந்தின மாதம் பழைய எண்ணெயில் சுட்டு மீந்தவை, அவை காறிப்போயின. எந்தப் பொட்டலத்திலும் தேதி இல்லை. பழையது எது, புதியது எது என்று பிரித்தறிய வழியில்லாமையால் பண்டகசாலையார் அனைத்தையும் திருப்பிவிட்டனர். பன்னிரண்டு எண்ணெயால் கெட்டன. நாற்பத்தெட்டு சந்தேகத்தால் கெட்டன. தேதி எழுதிய ஒரு சிறு சீட்டு அந்த நாற்பத்தெட்டையும் காத்திருக்கும்.

உணவு விதிகள் வியாபாரியைத் தொல்லைப்படுத்தவே இயற்றப்பட்டவை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வெண்ணம் சரியன்று என்பதே இம்மாதப் பாடம்.

சட்டம் வளர்ந்த வகை

நம் நாட்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் இயற்றப்பட்டு, 1955 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. கலப்படம் செய்தவனைப் பிடித்துத் தண்டிப்பதே அதன் முதன்மையான நோக்கம். பின்னர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் அதனிடத்தைப் பெற்றது. கெட்ட பின் தண்டிப்பதோடு நில்லாமல், கெடாமல் காப்பதையும் இச்சட்டம் நாடுகிறது. குறை கண்டவிடத்து, அதைத் திருத்திக்கொள்ளப் பதினான்கு நாட்களுக்குக் குறையாத அவகாசம் அளித்து முன்னேற்ற அறிவிப்பு வழங்க இதன் 32-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆனால் திருத்தம் ஒவ்வொன்றின் பின்னும் அடுப்பங்கரையில் நாமே காணக்கூடிய ஒரு காரணம் உண்டு. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, எண்ணெய். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் உடலுக்கு ஒவ்வாத சிதைவுப் பொருள்கள் பெருகுகின்றன. துருவச் சேர்மங்கள் எனப்படும் அவை நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்ட எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அளக்கும் கருவி நம் வீட்டில் இல்லை. ஆயினும் எண்ணெய் கறுத்தல், நுரைத்தல், பிசுபிசுத்தல், குறைந்த சூட்டிலேயே புகைதல் ஆகியவை போதிய எச்சரிக்கைகளாகும்.

இரண்டாவது, பொதியும் தாள். செய்தித்தாளில் உணவை வைப்பதையும் பொதிவதையும் 2018-ஆம் ஆண்டின் விதிகள் தடுத்தன. அச்சு மையிலுள்ள இரசாயனங்கள் சூடான, எண்ணெய்ப் பதமான பண்டத்தில் எளிதில் ஊறிவிடும். பல கைகள் மாறி வந்த தாளில் கிருமிகளும் இருக்கும்.

மூன்றாவது, தேதி. பொட்டலமிடாது தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும், இன்ன நாளுக்குள் உண்பது நலம் என்று கடையில் எழுதிவைக்குமாறு 2020 அக்டோபர் 1 முதல் உத்தரவாயிற்று. பொட்டலமாயின் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள், உபயோகிக்கத்தக்க இறுதி நாள், தயாரித்தவர் பெயரும் முகவரியும், பதிவு எண், சைவ உணவுக்குரிய பச்சை வட்டக் குறி ஆகியவை வேண்டும். நிலக்கடலை, பால், கோதுமை போன்றவை சிலருக்கு ஒவ்வாமையாதலால் அவற்றையும் குறித்தல் அவசியம்.

பதிவு செய்துகொள்ளுதல்

வீட்டில் செய்து விற்பவருக்கும் பதிவு உண்டு. பெரிய தொழிலுக்கு உரிமமும், சிறு வியாபாரிக்கு எளிய பதிவும் போதுமென்பது சட்டத்தின் ஏற்பாடு. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரைச் சிறு வியாபாரி என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. பதிவுக் கட்டணத்தை ஆண்டுக்கு 100 ரூபாய் என விதித்தன. வரம்பும் கட்டணமும் திருத்தத்திற்குட்பட்டவை. ஆகவே விண்ணப்பிக்குமுன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டறிதல் நன்று. பதிவு பெற்றவர் அச்சான்றிதழைப் பலர் காணுமிடத்தில் வைத்தல் வேண்டும்.

பதிவு பெற்றவரிடம் எதிர்பார்க்கப்படுபவை நம் சக்திக்கு மீறியவையல்ல. குடிக்கத் தகுந்த நீர், வெளிச்சமும் காற்றும் உள்ள தூய இடம், கழுவிய கை, மூடிய பாத்திரம் ஆகியவையே அவை. தொற்று நோயுற்றவர் குணமாகும்வரை பண்டத்தைத் தொடலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவருக்குப் பாரமாகத் தோன்றுவது பலர் கூடின் இலேசாகும். சீட்டுகளை மொத்தமாக அச்சிட்டால் செலவு குறையும். விண்ணப்பம் எழுத இயலாதவருக்குக் காரியதரிசி உதவலாம். விதி திருத்தப்படும்போது அதைச் சங்கப் பலகையில் எழுதிவைக்கலாம். பலகாரத்திற்கெனக் கடன் வழங்கும் நிர்வாகக் குழு, பதிவுச் சான்றையும் கேட்டு வாங்குமாயின் கடனுக்கும் காப்பு உண்டாகும்.

மேற்கூறிய அம்மையார் இப்பொழுது பதிவு பெற்றுள்ளார். ஒவ்வொரு ஈடும் சுட்ட நாளை ஒரு நோட்டில் எழுதி, அதே நாளைச் சீட்டிலும் குறிக்கிறார். பண்டகசாலையார் மீண்டும் சரக்கு வாங்குகின்றனர். பாக்கி இரு தவணைகளில் தீர்ந்தது.

கூட்டத்தில் விவாதிக்க:

1. நம் சங்கத்தில் உணவுப் பண்டம் செய்து விற்கும் குடும்பங்கள் எத்தனை? அவற்றுள் பதிவு பெற்றவை எத்தனை?
2. ஒரு பொட்டலம் கெட்டதென்று வந்தால், அது எந்த நாளில் சுட்டதென்று நம்மால் கூற இயலுமா?
3. கழித்த எண்ணெயை மீண்டும் சமையலுக்குச் செல்லாவண்ணம் அகற்ற நாம் செய்துள்ள ஏற்பாடு யாது?