பை வேறு, உடம்பு வேறு

திருப்பதியிலிருந்து நகரி வழியாக வரும் பஸ் திருத்தணிக்கு முன்னால் பொன்பாடி சோதனைச் சாவடியில் நின்றதும், உள்ளே சட்ட விவாதம் தொடங்கிவிடும். மொட்டைத் தலைகள், லட்டுப் பைகள், நடுவே கஞ்சா தேடும் போலீஸ். "வாரண்ட் இல்லாம பையத் தொட முடியாது" என்பார் பின்சீட்டுக்காரர். சினிமா சொல்லிக்கொடுத்த சட்டம் அது.

பஸ்ஸைச் சோதிக்க வாரண்ட் தேவையில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 43ஆம் பிரிவு, பொது இடத்திலும் பொது வாகனத்திலும் அதற்கு இடம் தருகிறது. அதே சாலையில் சொந்தக் காரில் வந்தால் 42ஆம் பிரிவு; துப்புக் கிடைத்திருந்தால் அதிகாரி அதை முதலில் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பிரிவைப் பின்பற்றாததால் 2021இல் ஹரியானா ஜீப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது.

கொஞ்சம் விவரமானவர், "மாஜிஸ்திரேட் முன்னாடிதான் சோதிக்கணும்னு கேளு" என்பார். பாதி சரி. 50ஆம் பிரிவுப்படி, மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனையைக் கேட்கலாம். சோதிக்க வருபவரே அந்த உரிமையை எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கறாராகத் தீர்ப்பளித்தார்கள். சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து எடுத்தது வழக்கில் நிற்காது. ஆனால் இதெல்லாம் உடம்புச் சோதனைக்கு மட்டும். தோளில் தொங்கும் பை உடம்பில் சேராது என்று 2005இல் சொன்னதை, 2023இலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இடுப்பில் செருகிய பொட்டலத்துக்கு ஒரு நியாயம், மடியில் இருக்கும் பைக்கு இன்னொன்று! மாத்திரை, கடிதம், உள்ளாடை எல்லாம் பையில்தானே இருக்கின்றன? எனக்கு இது உறுத்துகிறது. சட்டம் இப்போதைக்கு அப்படித்தான். பெண்ணின் உடம்பைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதில் மட்டும் குழப்பமே கிடையாது.

"முறை தவறி எடுத்தது கோர்ட்டில் செல்லாது" என்பது அமெரிக்கச் சரக்கு. சோதனை முறைகேடாக நடந்தாலும் கிடைத்த ஆதாரம் செல்லும் என்று 1973இல் பூரண்மல் வருமானவரி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 50ஆம் பிரிவு மீறல் ஓர் அபூர்வ விலக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அறிவித்தது உண்மை. ஆனால் அது சோதனையே கூடாது என்று சொல்லவில்லை. சட்டத்தின் துணை வேண்டும், தேவைக்கு மிஞ்சக்கூடாது என்றது.

பயணிக்கு உதவுவது வேறு இடத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவுப்படி, ஓர் இடத்தைச் சோதிப்பதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், செல்போனே போதும். பட்டியல் எழுதுவது, சாட்சிகள் கையெழுத்திடுவது எல்லாம் அதில் பதிவாக வேண்டும். பதிவு தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "வாரண்ட் எங்கே?" அல்ல, "வீடியோ ஓடுதா சார்?"

மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வாங்க என்று எஸ்.ஐ. கூப்பிடும்போது, பின்சீட்டுக்காரர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.